நானோ மருந்தா, பழைய கீமோவா, குறிவைக்கும் மருந்தா? எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்

“டாக்சோருபிசின் ஏற்றலாம். அதே மருந்து லைபோசோமில் அடைத்தும் வருகிறது, விலைதான் கூடுதல்.” டாக்சோருபிசின் ஒரு பழைய கீமோ மருந்து; லைபோசோம் என்பது கொழுப்பால் ஆன நுண்ணிய கூடு. புற்றுநோய் மருத்துவர் இப்படிச் சொல்லி முடித்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, விலை கூடுதல் என்றால் அதுதானே நல்ல மருந்து என்பது. பிறகு யாராவது கைப்பேசியில் தேடி, ‘நானோ துகள் நேராகக் கட்டிக்குள் போய்த் தாக்குமாம், மற்ற உறுப்புகளைத் தொடவே தொடாதாம்’ என்று படித்துக் காட்டுவார்கள். அதற்கு மேல் பழைய கீமோவைக் கேட்பதே கஞ்சத்தனம் போலாகிவிடும்.

அப்படியில்லை. இன்று மருத்துவமனைகளில் உள்ள நானோ மருந்துகளில் பலவும் பழைய மருந்தைவிடப் புற்றை அதிகமாகக் கொல்வதில்லை. உடம்பை வேறு இடத்தில் நோகடிக்கின்றன, அவ்வளவுதான். இதயத்துக்கு வரவேண்டிய கேடு உள்ளங்கைக்கு வருகிறது. ஒவ்வாமை குறைந்து விரல் மரப்பு கூடுகிறது. இந்தப் பண்டமாற்று உங்கள் உடம்புக்கு லாபமா என்றுதான் பார்க்க வேண்டும். நிஜமாகவே உயிரைக் கூடுதலாக நீட்டிக்கும் சில மருந்துகளும் உண்டு. அவை எவை, யாருக்கு என்பதையும் கீழே சொல்கிறேன்.

## கட்டிக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது?

இந்தத் துறையின் நம்பிக்கை 1986-இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறது. கட்டி வேகமாக வளரும்போது அதன் ரத்தக் குழாய்கள் அரைகுறையாக முளைக்கின்றன. சுவரில் இடைவெளி விழுகிறது. கழிவை வெளியேற்றும் நிணநீர் வடிகாலும் அங்கே சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே பெரிய மூலக்கூறுகள் கட்டிக்குள் கசிந்து, வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும் என்றார்கள். நல்ல ரத்தக் குழாயின் சுவரை 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள் எளிதில் தாண்டாது. கட்டியின் ஓட்டைச் சுவரைத் தாண்டும். எலிகளில் இது அழகாக வேலை செய்தது.

மனிதக் கட்டி எலிக் கட்டி போல வேகமாக வளர்வதில்லை. ஒரே நோயாளியின் உடம்பில் கல்லீரலில் உள்ள கட்டி துகளை வாங்கும், எலும்பில் உள்ளது வாங்காது என்ற நிலைமையும் உண்டு. 2016-இல் டொராண்டோவில் வாரன் சானின் குழு பத்து ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். இலக்கைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறு ஒட்டிய துகள்களுக்கு 0.9, ஒட்டாதவற்றுக்கு 0.6. இது பெரும்பாலும் எலிகளில் வந்த எண் என்பதையும் நினைவில் வையுங்கள். 2020-இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: உள்ளே போகும் துகள்களில் 97 சதவீதம் வரை இடைவெளி வழியே கசிவதில்லை, குழாய்ச் சுவரின் செல்களே அவற்றை விழுங்கி மறுபக்கம் தள்ளுகின்றன. கட்டிக்குப் போகாத மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிடுகின்றன.

அப்படியானால் இந்த மருந்துகளால் என்ன பயன்? கட்டிக்குள் அதிகம் போகாவிட்டாலும் இதயத்துக்குள் போகாமல் இருப்பதே ஒரு பயன்தான். இதயத்தின் ரத்தக் குழாய்ச் சுவர் இறுக்கமானது. கூட்டில் அடைத்த மருந்து அங்கே நுழைவது கடினம். நானோ மருந்தின் மதிப்பை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

## தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

எதோடு ஒப்பிட்டார்கள்? என் பார்வையில் இதுதான் முதல் கேள்வி, குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். ‘புது மருந்து இரண்டு மடங்கு நன்றாக வேலை செய்தது’ என்று படித்தால், எந்தப் பழைய மருந்தைவிட, எந்த அளவில், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கொடுத்ததைவிட என்று பாருங்கள். பலவீனமான எதிராளியை வைத்து ஜெயித்த மருந்துகள் இந்தத் துறையில் உண்டு. கட்டி சுருங்கிய விகிதம் கூடியதா, நோய் மீண்டும் வளர்வது தள்ளிப்போனதா, ஆயுள் கூடியதா என்பவையும் மூன்று தனித்தனி விஷயங்கள்.

உடம்பில் எந்த இடம் ஏற்கெனவே பலவீனம்? இதயமா, நரம்பா, எலும்பு மஜ்ஜையா, குடலா, நுரையீரலா? ஒவ்வொரு மருந்தும் ஒவ்வோர் இடத்தில் கை வைக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் ஏற்கெனவே கால் மரத்திருப்பவருக்கும், மாரடைப்பு வந்து தேறியவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

குறி இருக்கிறதா? குறிவைக்கும் மருந்து என்றால் அது தேடும் குறி, அதாவது புற்று செல்லின் மேலுள்ள குறிப்பிட்ட புரதம், கட்டியில் இருக்க வேண்டும். பரிசோதித்த திசு எப்போது எடுத்தது, எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

குணமாக்குவதா, கட்டுப்படுத்துவதா? முழுதும் குணமாக வாய்ப்புள்ள நிலையில், பல ஆண்டு அனுபவத்தால் நிரூபணமான முறையை வசதிக்காக மாற்றுவது ஆபத்து. நோய் பரவிய நிலையில், வாழும் நாட்கள் எப்படி இருக்கும் என்பதற்குக் கூடுதல் எடை கொடுக்கலாம்.

மொத்தச் செலவு. மருந்துக் குப்பியின் விலை இதில் ஒரு பகுதிதான். முன்மருந்துகள், எக்கோ (இதயப் பரிசோதனை), ஸ்கேன், வெள்ளணு எண்ணிக்கையைக் கூட்டும் ஊசி, காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்வது, வேலைக்குப் போக முடியாத நாட்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

## 1. கூடு இல்லாத பழைய மருந்து

டாக்சோருபிசின், பாக்ளிடாக்சல், ஐரினோடீகன் போன்றவை பல பத்தாண்டுகளாகக் கையில் உள்ளவை. விலை குறைவு, எந்த நேரத்தில் என்ன தொல்லை வரும் என்பது செவிலியர்களுக்கே மனப்பாடம், நகல் மருந்துகளிலும் (அதே மருந்தை வேறு கம்பெனி தயாரிப்பது) குழப்பம் குறைவு.

கெட்ட பக்கமும் தெரிந்ததே. டாக்சோருபிசின் இதயத் தசையைக் கெடுக்கும், அதுவும் வாழ்நாள் மொத்த அளவைப் பொறுத்து. ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 400 மில்லிகிராம் சேரும்போது இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு. 550-ஐத் தொட்டால் 26 சதவீதம் என்று ஓர் ஆய்வு கணித்தது. எனவே பத்து வருடத்துக்கு முன் வாங்கிய டோஸும் கணக்கில் வரும். பழைய சிகிச்சைக் குறிப்புகளைத் தூக்கி எறியாதீர்கள்.

பாக்ளிடாக்சலின் தொல்லையில் பாதி மருந்தால் வருவதே இல்லை, அதைக் கரைக்கும் திரவத்தால் வருகிறது. மருந்து தண்ணீரில் கரையாது என்பதால் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். அந்தக் கரைப்பான் கடும் ஒவ்வாமையைத் தூண்டும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு ஊசிகளும் போட வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் முறையில் மருந்து இறங்கவே மூன்று மணி நேரம். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஸ்டீராய்டு இரண்டு மூன்று நாள் சர்க்கரையைத் தாறுமாறாக்கும். மலிவான மருந்தின் மறைந்த செலவு இது.

ஆனாலும் குணமாக்கும் நோக்கில் தரும் பல சிகிச்சைகளில், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, ஆரம்பநிலை மார்பகப் புற்று போன்றவற்றில், நிரூபணம் முழுக்கப் பழைய டாக்சோருபிசினிடம்தான் இருக்கிறது. இதயம் நன்றாக உள்ளவருக்கு அங்கே லைபோசோமைத் தேடிப்போக நான் காரணம் காணவில்லை.

## 2. லைபோசோம்: கொழுப்புக் கூட்டில் அடைத்த மருந்து

லைபோசோம் டாக்சோருபிசின், டாக்சில் என்ற பெயரில், 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய்க்கு வந்த முதல் நானோ மருந்து அது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சர்க்கோமாவுக்குத்தான் முதல் ஒப்புதல், பிறகு சூலகப் புற்று, மஜ்ஜைப் புற்று என்று விரிந்தது. 100 நானோமீட்டருக்குள் இருக்கும் கொழுப்புக் குமிழி. உள்ளே டாக்சோருபிசின் கரைசலாகக்கூட இல்லை, குச்சி குச்சியாகப் படிகமாக இருக்கிறது. வெளியே பெக் என்ற பாலிமர் போர்வை, கல்லீரலின் விழுங்கு செல்கள் உடனே பிடிக்காதபடி. அதனால் மருந்து ரத்தத்தில் இரண்டு மூன்று நாட்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். வெறும் டாக்சோருபிசின் தெளிந்த சிவப்பு; லைபோசோம் மங்கலான, பாதி ஒளி ஊடுருவும் சிவப்பு. அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், உப்பு நீரில் கூடாது. குழாயில் வடிகட்டி போடக்கூடாது. முதல் டோஸை நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் என்று மெதுவாகத் தொடங்க வேண்டும், ஏனென்றால் முதல் சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு அடைத்து, முதுகு வலிக்கும் எதிர்வினை சிலருக்கு வரும். நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பண்டமாற்று என்று நான் சொன்னதற்கு 2004-இல் வெளியான ஓர் ஆய்வைவிட நல்ல சான்று இல்லை. பரவிய மார்பகப் புற்று உள்ள 509 பெண்களில் ஒரு பாதிக்கு லைபோசோம், மறு பாதிக்கு வெறும் டாக்சோருபிசின். நோய் தள்ளிப்போன காலம் 6.9 மாதம், 7.8 மாதம். ஆயுள் 21 மாதம், 22 மாதம். புற்றைப் பொறுத்தவரை இரண்டும் சமம். இதயத்தில் கேடு லைபோசோமில் 10 பேருக்கு, மற்றதில் 48 பேருக்கு. முடி கொட்டியது 20 சதவீதம், 66 சதவீதம். ஆனால் கை-கால் தோல் பாதிப்பு? லைபோசோமில் 48 சதவீதம், மற்றதில் 2.

அந்தக் கை-கால் பாதிப்பை ‘தோல் தொல்லை’ என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறார்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, சிலருக்குக் கொப்புளம் வைத்துத் தோல் உரியும். பொதுவாக இரண்டாவது மூன்றாவது சுற்றுக்குப் பிறகு தலைகாட்டும். சுடுதண்ணீர், இறுக்கமான செருப்பு, கையை அழுத்தித் தேய்க்கும் வேலை எல்லாம் அதைக் கூட்டும். தையல் வேலை செய்பவருக்கும் நாள் முழுக்க நின்று பிழைப்பவருக்கும் இது வருமானத்தை நிறுத்தும் பாதிப்பு. இதயத்தைக் காப்பாற்ற அந்த விலை சரி என்று ஒருவர் முடிவெடுக்கலாம். ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு மருந்துகளுக்குத் தனி இடம் உண்டு.

லைபோசோம் ஐரினோடீகன் கணையப் புற்றுக்கு. ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து கேட்காமல் போனவர்களுக்கு, 5-எஃப்யூ, லூகோவோரின் என்ற பழைய மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தபோது ஆயுள் 4.2 மாதத்திலிருந்து 6.1 ஆனது, 2015-இல் ஒப்புதல். பிறகு முதல் சிகிச்சையாகவே நான்கு மருந்துச் சேர்க்கையில் ஒன்றாக வைத்து, ஜெம்சிடபின்-அல்புமின் பாக்ளிடாக்சல் (அடுத்த பகுதியில் வரும் நானோ மருந்து) ஜோடியோடு 770 பேரில் மோதவிட்டார்கள்: ஆயுள் 11.1 மாதம், 9.2 மாதம். நானோவோடு நானோ மோதிய அரிய ஆய்வு. ஆனால் அதே நான்கு மருந்துச் சேர்க்கையில் லைபோசோமுக்குப் பதில் வெறும் ஐரினோடீகன் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு கேட்கவில்லை. அந்த மலிவான சேர்க்கை ஏற்கெனவே பல இடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. ‘எதோடு ஒப்பிட்டார்கள்’ என்ற கேள்வி இங்கேதான் கடிக்கிறது. வயிற்றுப்போக்கு கடுமையாக வரும் மருந்து இது என்பதையும், இரண்டு நாள் பம்ப் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று, டானோருபிசினையும் சைட்டராபினையும் ஒன்றுக்கு ஐந்து என்ற மூலக்கூறு விகிதத்தில் ஒரே கூட்டில் பூட்டிய மருந்து. 2017-இல் வந்தது. முந்தைய சிகிச்சையாலோ மஜ்ஜைக் கோளாறாலோ வந்த கடும் மைலாய்டு ரத்தப் புற்றில், 60 முதல் 75 வயதுக்காரர்களில், ஆயுளை 5.95 மாதத்திலிருந்து 9.56 ஆக்கியது. ஏழு நாள் இடைவிடாத ட்ரிப்புக்குப் பதில் முதல், மூன்றாம், ஐந்தாம் நாளில் 90 நிமிடம். இது பண்டமாற்று அல்ல, நிஜ லாபம். இங்கே ஓட்டைக் குழாய்க் கதையே தேவைப்படவில்லை, நோய் ரத்தத்திலும் மஜ்ஜையிலும் இருக்கிறது; மருந்து போய்ச் சேரும் இடமும் அதுவே. விலையாக ரத்த அணுக்கள் மீண்டு வரத் தாமதமாகும். அதுவரை தட்டணு ஏற்றுவதும் தொற்று பயமும் நீளும்.

## 3. அல்புமின் பாக்ளிடாக்சல்

ஆமணக்குக் கரைப்பானைத் தூக்கிவிட்டு, மனித ரத்தப் புரதமான அல்புமினோடு மருந்தைப் பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கினார்கள். 2005-இல் ஒப்புதல். பெரும்பாலானவர்களுக்கு ஸ்டீராய்டு முன்மருந்து வேண்டாம், 30 நிமிடத்தில் இறங்கிவிடும். அந்த வசதி உண்மையானது.

தயாரிப்பவருக்கு மட்டும் வேலை கூடுகிறது. 100 மில்லிகிராம் பொடியுள்ள குப்பியில் 20 மில்லி உப்பு நீரை ஒரு நிமிடமாவது எடுத்துக்கொண்டு, பொடியின் மேல் நேராக அடிக்காமல் கண்ணாடிச் சுவரை ஒட்டி இறக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஊற விட்டு, பிறகு மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். கடைசியில் பால் போல வெள்ளையாக வர வேண்டும். பொடி கட்டிகட்டியாகத் தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும். பரபரப்பான கீமோ அறையில் ஒரு நோயாளிக்கு மூன்று நான்கு குப்பி என்றால், மருந்து ஏறும் அரை மணியைவிடத் தயாராகும் நேரம் நீளும். ‘அரை மணி’ என்று நம்பி வண்டியை வெளியே நிறுத்தி வைக்காதீர்கள்.

பலன் எப்படி? மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்த பழைய பாக்ளிடாக்சலோடு மார்பகப் புற்றில் ஒப்பிட்டபோது கட்டி சுருங்கியவர்கள் 33 சதவீதம், 19 சதவீதம். பெரிய வெற்றிதான். ஆனால் இதில் டோஸும் வேறு: சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம், மற்றதில் 175. பழைய மருந்தை வாரம் ஒருமுறை சின்ன டோஸாகக் கொடுப்பதே இன்று வழக்கம். அது இன்னும் நன்றாக வேலை செய்யும். அந்த வாராந்தர முறையோடு மோதவிட்ட ஆய்வில், பரவிய மார்பகப் புற்றில், நோய் தள்ளிப்போன காலம் 9.3 மாதம், 11 மாதம் என்று வந்தது, அதாவது புதியது பின்தங்கியது, தொல்லையும் கூடியது. அறுவைக்கு முன் கொடுக்கும் சூழலில் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் புதியது முந்தியது: புற்று முழுதும் மறைந்தவர்கள் 38 சதவீதம், 29 சதவீதம். அதே சூழலில் இன்னொரு ஆய்வில் வித்தியாசம் உறுதியாகவில்லை. மார்பகப் புற்றில் இதை ஒரு படி மேல் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கணையப் புற்றில் நிலைமை வேறு. ஜெம்சிடபினோடு சேர்த்தபோது ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 8.5 ஆனது, 861 பேரில். அங்கே அது அடிப்படை மருந்துகளில் ஒன்று.

நரம்பு மரப்பில் புதியது மோசம். முதல் ஆய்வில் கடும் மரப்பு 10 சதவீதம், பழையதில் 2. சட்டைப் பொத்தான் போட முடியாது, சாவி கையிலிருப்பது தெரியாது என்ற அளவு. நிறுத்தினால் பலருக்கு சில வாரங்களில் குறைகிறது. கல்லீரல் சரியில்லாதவருக்கு டோஸ் குறைக்க வேண்டும். அல்புமின் மனித ரத்தத்திலிருந்து வருவது என்பதால் சமயக் காரணத்துக்காக ரத்தப் பொருள் ஏற்காதவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

## 4. ஆன்டிபாடியோடு இணைத்த மருந்து

கறாராகப் பார்த்தால் இது நானோ துகள் இல்லை. குறியைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி என்ற 10 நானோமீட்டர் அளவுள்ள ஒரு புரதம், அதன் முதுகில் சில மருந்து மூலக்கூறுகள். ஆனால் ‘குறிவைக்கும் மருந்து’ என்று கேட்டு வருபவர் மனதில் இருப்பதை நடைமுறையில் செய்து காட்டியது இதுதான். எனவே இதை விட்டுவிட்டு ஒப்பிட முடியாது.

ஹெர்-2 என்ற ஏற்பி (செல்லின் மேலுள்ள ஒரு புரதம்) அதிகமுள்ள மார்பகப் புற்றை எடுத்துக்கொள்வோம். அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன் என்ற மருந்தில் ஓர் ஆன்டிபாடிக்கு எட்டு மருந்து மூலக்கூறுகள். இதே வகையில் முந்தைய மருந்தான டிராஸ்டுசுமாப் எம்டான்சினோடு ஒப்பிட்டபோது நோய் தள்ளிப்போன காலம் 28.8 மாதம், 6.8 மாதம். இது வேறு தளம். ஹெர்-2 குறைவாக உள்ளவர்களிலும், வழக்கமான கீமோவோடு ஒப்பிட்டு 2022-இல் வந்த ஆய்வில் ஆயுள் 16.8 மாதத்திலிருந்து 23.4 ஆனது. இதன் பிறகு ‘ஹெர்-2 இல்லை’ என்று பழைய அறிக்கையில் எழுதியிருந்தாலும், கொஞ்சம் இருந்ததா, அறவே இல்லையா என்று திரும்பப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. முதல் கட்டியில் இல்லாத குறி பரவிய இடத்தில் இருக்கலாம், எதிர்மாறாகவும் இருக்கலாம். புது பயாப்சி என்றால் பலர் தயங்குகிறார்கள். இங்கே அந்த ஊசி ஒரு சிகிச்சை வாசலையே திறக்கலாம்.

குறிவைத்தாலும் சிதறல் உண்டு. டெரக்ஸ்டெகனின் பெரிய ஆபத்து நுரையீரல் அழற்சி. பத்தில் ஒருவருக்கு மேல் வருகிறது, பெரும்பாலும் லேசாக. சிலர் அதனால் இறந்தும் இருக்கிறார்கள். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது போன்றவற்றைச் சளி என்று வீட்டிலேயே சிரப் குடித்துச் சமாளிக்கக் கூடாது, அன்றே சொல்ல வேண்டும். மற்ற குறிகளுக்கு மற்ற தொல்லைகள்: சூலகப் புற்றில் ஃபோலேட் ஏற்பியைக் குறிவைக்கும் மருந்து கண்ணைக் கெடுக்கும், சிறுநீர்ப்பைப் புற்றில் நெக்டின்-4-ஐக் குறிவைப்பது தோலையும் சர்க்கரையையும் பாதிக்கும். மறைந்த செலவு பயாப்சி, ஏற்பிப் பரிசோதனை, அடிக்கடி சிடி ஸ்கேன், கண் மருத்துவர். விலையிலும் இங்கே சொன்ன நான்கு வகைகளில் இதுவே உச்சம்.

## ஒரு பார்வையில்

| | வெறும் மருந்து | லைபோசோம் | அல்புமின் பாக்ளிடாக்சல் | ஆன்டிபாடி-மருந்து |
|---|---|---|---|---|
| பழையதைவிடக் கூடுதல் பலன் | அளவுகோலே இதுதான் | டாக்சோருபிசினில் சமம். சில ரத்தப் புற்றில் தெளிவான லாபம் | கணையத்தில் உண்டு. மார்பகத்தில் சர்ச்சை | குறி இருந்தால் பெரிய லாபம் |
| அதிகம் அடிபடும் இடம் | இதயம், மஜ்ஜை, முடி | உள்ளங்கை, உள்ளங்கால். ஐரினோடீகனில் குடல் | விரல் நரம்பு | நுரையீரல், கண், தோல். மருந்தைப் பொறுத்து |
| முன்பரிசோதனை | எக்கோ | எக்கோ, பழைய டோஸ் கணக்கு | கல்லீரல், நரம்பு நிலை | திசுவில் குறி, பலவற்றில் |
| மறைந்த செலவு | முன்மருந்து, சர்க்கரை ஏற்றம், காய்ச்சல் சேர்க்கை | வேலை நாள் இழப்பு | மரப்பு நீடித்தால் அன்றாட வேலை | மறு பயாப்சி, ஸ்கேன் |
| நகல் மருந்து | எளிது | உண்டு, தரம் கவனம் | உண்டு, தரம் கவனம் | அரிது |

நகல் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரையின் நகல் வேறு, லைபோசோமின் நகல் வேறு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருந்தாலும் குமிழியின் அளவு, படிகம், கசியும் வேகம் மாறினால் உடம்பில் நடப்பது மாறும். 1995-இல் வந்த டாக்சிலுக்கு அமெரிக்காவில் முதல் நகல் ஒப்புதல் கிடைக்க 2013 ஆனது. முறையான ஒப்பீட்டு ஆய்வு முடித்து ஒப்புதல் பெற்ற நகல் என்றால் தயங்க வேண்டாம். சிகிச்சை நடுவில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கம்பெனிக்கு மாறுவதைத் தவிருங்கள்.

## 5. ஆய்வில் இருக்கும் ‘தேடிப்போகும் துகள்’

செய்திகளில் படிக்கும் அசல் நானோ துகள், அதாவது மேற்பரப்பில் குறி தேடும் மூலக்கூறு ஒட்டி, உள்ளே கீமோ அடைத்தது, வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. ஹெர்-2-ஐத் தேடும் லைபோசோம் டாக்சோருபிசினான எம்எம்-302-இன் ஆய்வு, பலன் கூடுதலாக இல்லையென்று 2016-இல் நிறுத்தப்பட்டது. புராஸ்டேட் குறியைத் தேடும் பைண்ட்-014-ஐ உருவாக்கிய நிறுவனம் அதே ஆண்டு திவாலுக்கு மனு போட்டது. சூடாக்கினால் திறந்துகொள்ளும் லைபோசோம் கல்லீரல் புற்றில் இரண்டு பெரிய ஆய்வுகளிலும் எதிர்பார்த்ததைத் தரவில்லை.

காரணங்களில் ஒன்று எளிமையானது. துகள் ரத்தத்தில் இறங்கிய சில நிமிடங்களில் ரத்தப் புரதங்கள் அதன் மேல் படிந்து, ஆய்வகத்தில் ஒட்டிய குறி மூலக்கூறை மூடிவிடுகின்றன. இன்னொன்று, குறி மூலக்கூறு துகளைக் கட்டிக்குக் கூட்டிப்போவதில்லை. தற்செயலாக அருகில் வந்தால்தான் ஒட்டும்.

இதனால் ஆய்வில் சேரக்கூடாது என்று சொல்ல வரவில்லை. வழக்கமான வழிகள் முடிந்துபோனவருக்கு அது மரியாதையான தேர்வு. ஆனால் முதல் கட்ட ஆய்வின் நோக்கம் டோஸ் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது. உங்கள் கட்டி சுருங்குமா என்பது அங்கே இரண்டாம் பட்சம். கூடுதல் பயாப்சி, அடிக்கடி ரத்தம் எடுப்பது, தொலைவில் தங்குவது, முந்தைய மருந்து உடம்பை விட்டு வெளியேறச் சில வாரம் சிகிச்சையில்லாமல் காத்திருப்பது போன்றவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘நானோ சிகிச்சை’ என்று ஆய்வுக்குக்கூடப் பணம் கேட்கும் இடமென்றால் எழுந்து வந்துவிடலாம்.

## எந்த நிலையில் எது

இதயம் பலவீனம், அல்லது டாக்சோருபிசின் ஏற்கெனவே நிறைய வாங்கியாயிற்று, நோய் பரவியிருக்கிறது: லைபோசோம் டாக்சோருபிசினுக்குத் தெளிவான இடம் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை, அல்லது கரைப்பானால் ஒருமுறை கடும் ஒவ்வாமை வந்தது, ஆனால் விரல் நரம்பு நன்றாக இருக்கிறது: அல்புமின் பாக்ளிடாக்சல். சர்க்கரையால் கால் ஏற்கெனவே மரத்தவர் என்றால் அதே மருந்தைப் பற்றி மருத்துவரிடம் இரண்டு முறை பேசுங்கள். ஹெர்-2 இருக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது, செலவுக்கு வழி இருக்கிறது: ஆன்டிபாடி மருந்துதான் முதலில் பேச வேண்டியது, செலவைப் புரட்ட வேண்டுமானால் லைபோசோமுக்குப் போடும் பணத்தை இதற்கு ஒதுக்குவதே மேல். குணமாகும் வாய்ப்புள்ள நோய், உறுப்புகள் எல்லாம் சரி: மருத்துவர் சொல்லும் வழக்கமான கீமோவை முழு டோஸில், நாள் தவறாமல் முடிப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

பழைய மருந்து நன்றாக வேலை செய்கிறது, தாங்கவும் முடிகிறது என்றால் நடுவில் நானோவுக்கு மாறுவதற்குக் காரணமே இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒவ்வொரு முறையும் பையை மாட்டும் முன் சீட்டில் உள்ள முழுப் பெயரையும் பையில் ஒட்டிய பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ‘டாக்சோருபிசின்’ என்று மட்டும் இருந்தால் போதாது. லைபோசோமா இல்லையா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்றின் டோஸ் மற்றதற்குப் பொருந்தாது, ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றிவிட்ட தவறுகளும் நடந்திருக்கின்றன. அல்புமின் பாக்ளிடாக்சலுக்கும் இதே கதைதான்: 260 என்ற டோஸை வெறும் பாக்ளிடாக்சலில் ஊற்றினால் மஜ்ஜை தாங்காது. செவிலியர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நல்ல கீமோ அறையில் அவர்களே உங்களைக் கேட்காமல் மாட்ட மாட்டார்கள்.